திங்கட்கிழமை நண்டு வராது

“கண்டனீங்களோ?” என்று கேட்பார். நேரில் பார்த்தீர்களா என்ற இந்த ஒற்றைக் கேள்விக்குப் பயந்து மன்னார்ப் பக்கம் தலைகாட்டாமல் இருந்த விரிவுரையாளர்கள் எங்கள் பீடத்தில் நாலு பேர். ஐந்தாவது ஆள் நான். பயம் என்று நான் ஒத்துக்கொண்டதில்லை. பஸ் தூரம், இடுப்புவலி, விடைத்தாள் திருத்தம் என்று மூன்று காரணங்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் தொழிற்பயிற்சி இணைப்பாளர். மூன்றாம் வருட மாணவர்கள் ஆறு மாதம் ஏதாவது ஒரு வேலையிடத்தில் நின்று தொழில் பழகவேண்டும். நண்டு பதனிடும் நிலையம், ஐஸ் தொழிற்சாலை, கருவாட்டு வியாபாரம் என்று தீவிலும் கரையிலும் இடம் பிடித்து அவர்களைச் சேர்த்துவிடுவது அவருடைய வேலை. அவருடைய நியமனக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வகுப்பில் படிப்பிப்பதையும் வேலையிடத்தில் நடப்பதையும் இணைப்பதற்கு விரிவுரையாளர்களுக்கு உதவுதல். நியமனக் கடிதங்களில் வரும் இப்படியான வரிகளை ஒருவரும் வாசிப்பதில்லை. இவர் வாசித்துவிட்டார். எங்களுக்குப் பிடித்த சனி அதுதான்.

மன்னார் நகரில் ஒரு பழைய கட்டடத்தின் பின்னறைதான் அவருடைய கந்தோர். ஒரு மேசை, ஒரு அலுமாரி, இரண்டு கதிரை. முதல்நாள் என்னுடைய பாடத்திட்டத்தை நீட்டினேன். மாணவர்களுக்கு இடம் கேட்டு, கையெழுத்து வாங்கி, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவது என் எண்ணம். அவர் பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பதின்மூன்று வருடமாக மீன் பதனிடல் படிப்பிக்கிறேன், அதை முழுதாக வாசித்த மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். நானே வாசித்ததில்லை. எனக்கு முந்தியவர் விட்டுப்போனதில் வருடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

“சேர், மூண்டாம் கிழமை குளிர்ச்சங்கிலி எண்டு கிடக்கு. அது எங்க தொடங்குது?”

“பிடிச்ச இடத்தில இருந்து விக்கிற இடம் மட்டும் குளிர் விடாமக் கொண்டுபோறது. படகிலயே தொடங்கும். ஐஸ்பெட்டி.”

“கண்டனீங்களோ?”

“புத்தகத்தில இருக்கு மிஸ்.”

“புத்தகம் சரியாத்தான் இருக்கும். நாளைக்கு விடிய பேசாலைக் கரைக்கு ஒருக்கா வாங்கோ. இவ்வளவு தூரம் வந்தனீங்கள்தானே.”

மத்தியான பஸ் போய்விட்டது. மறுநாள் விடியற்காலையில் சப்பாத்துக்குள் மணல் நிறைய, பேசாலைக் கரையில் நின்றேன். நண்டுவலைப் படகு ஒன்று வந்தது. அதில் ஐஸ்பெட்டி இல்லை. வலையோடு சேர்த்து நண்டுகளை ஒரு நனைந்த சாக்கு மூடியிருந்தது, அவ்வளவுதான். ஐஸ் கொண்டுபோகவில்லையா என்று படகுக்காரரைக் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“பெட்டியை வைச்சா வலையை எங்க ஐயா வைக்கிறது? நண்டு உயிரோட கிடக்கு. ஈரச்சாக்குக் காணும்.”

இணைப்பாளர் என் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கினார். அதைத் திருப்பித் தந்தபோது மூன்றாம் கிழமைக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘சாக்கு’ என்று எழுதியிருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வருடம் அந்தச் சாக்கைப்பற்றி வகுப்பில் சொன்னேன். கடற்கரைப் பிள்ளைகள் இரண்டு பேர் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவருடைய இன்னொரு ஏற்பாடு ‘நிக்கிற நாள்’. மாணவர்களை மேற்பார்வை செய்ய வரும் விரிவுரையாளர் முதலில் ஒரு முழுநாள் அந்த வேலையிடத்தில் வேலையாட்களோடு நிற்கவேண்டும். முகாமையாளர்கள் பல்கலைக்கழகத்து ஆள் என்றதும் கதிரையும் தேத்தண்ணியும் அனுப்புவார்கள். இவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கதிரையைத் திருப்பி அனுப்பிவிடுவார். இடுப்புவலி என்று சொன்னால் ஒரு பழைய துவாயை மடித்துக் கையில் தருவார். காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு நின்றால் சீமெந்துத் தரையின் குளிர் ஏறாதாம். சதை எடுக்கும் நண்டு மேசையில் நிற்கும் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்களாம்.

முகாமைத்துவம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், ஊழியர்களுக்கு ஊக்கமளிப்பது எப்படி என்பதில் பெரிய விண்ணர், இப்படி ஒருநாள் மாட்டுப்பட்டார். அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றவர், மத்தியானம் ஒரு பெண்ணிடம், “உங்களுக்கு என்ன செய்து தந்தால் இன்னும் உற்சாகமா வேலை செய்வீங்கள்?” என்று கேட்டிருக்கிறார். “நினைச்ச நேரம் பாத்றூமுக்குப் போக விட்டாக் காணும் சேர்,” என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அடுத்த பரீட்சைத்தாளில் நண்பருடைய மூன்றாவது கேள்வி அதைப்பற்றியதாக இருந்தது. துறைத்தலைவர் அதை வெட்டிவிட்டார். இதைக் கேள்விப்பட்டு இணைப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தாராம். நண்பர்தான் வந்து சொன்னார். அவருக்கு அதில் பெருமை.

எங்களுக்குள் அவரை ‘நண்டு மிஸ்’ என்போம். அதில் கொஞ்சம் நக்கல் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் நண்டு மேசையில் நின்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். விரல் நுனிகளில் ஓடு கிழித்த தழும்புகள் வெள்ளை வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் இருந்துகொண்டே நண்டுக் கம்பனி ஒன்றில் வேலை செய்திருக்கிறார். திரும்பி வந்தும் அதே வேலை. வெளிவாரியாகப் படித்துப் பட்டம் எடுத்தது மேசையில் நின்றுகொண்டேதான். வகுப்புச் சித்தி இல்லாத வெறும் தேர்ச்சிப் பட்டம் என்று எங்கள் ஆட்கள் அதையும் சொல்லிக் காட்டுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கோபம் வந்தால் மட்டும் அவருடைய பேச்சில் இந்தியத் தமிழ் எட்டிப் பார்க்கும். ‘சேர்’ போய் ‘சார்’ வந்துவிட்டால் ஆள் கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கந்தோர்ச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்கியது. அதில் பல்கலைக்கழகத்து விடுமுறை ஒன்றும் இருக்காது. எந்த வேலையிடத்தில் எந்த நாளில் உண்மையாகவே வேலை நடக்காது என்பதை நிறம் நிறமாகக் குறித்து வைத்திருந்தார். எந்தக் கோயிலில் எப்போது கொடியேற்றம், எந்தக் கிழமை கச்சான் காற்று கடலைக் குழப்பியது, எருக்கலம்பிட்டிக் கருவாட்டுக்கடைகள் ஜும்மாவுக்கு எத்தனை மணிக்குப் பூட்டும், எல்லாம் அதில் இருந்தது. மாணவர்களுடைய நாட்குறிப்பை அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கருவாடு தரம்பிரித்ததாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். நானும் அங்கே இருந்தேன்.

“அந்த நேரம் கடையில ஆர் தம்பி நிண்டது?”

அவன் முழித்தான். “ஒருத்தரும் இல்லை மிஸ். பள்ளிக்குப் போட்டினம். நான் வாசலில இருந்தனான்.”

“அப்ப அதை எழுதுங்கோ. கடை பூட்டு, வாசலில இருந்தனான் எண்டு. ஒண்டும் நடக்காட்டி, நடக்கேல்லை எண்டு எழுதலாம்தானே.”

அவன் வெட்டி எழுதினான். அவர் அதற்குச் சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டார். இந்த மனுசியோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நான் செய்ததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அந்த வருடம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இரண்டு பேருடைய விரிவுரைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் விடைத்தாள் கட்டுகள். முதுநிலைப் பதவிக்கு நேர்முகப்பரீட்சை வேறு. என் பொறுப்பிலிருந்த மாணவி ஒருத்தி நண்டு நிலையத்தில் பயிற்சியில் இருந்தாள். நான் இரண்டுதரம் போய்ப் பார்த்து, கண்டதை மேற்பார்வைப் படிவத்தில் எழுதவேண்டும். அதில் இணைப்பாளரும் கையெழுத்து வைத்த பிறகு பரீட்சைச் சபைக்குப் போகும். முதல்தரம் போனேன். இரண்டாம்தரம் போகவில்லை. வீட்டிலிருந்தே எழுதினேன். எல்லாரும் செய்வதுதான். விரிவுரை இல்லாத நாள் திங்கட்கிழமை என்பதால் ஒரு திங்கட்கிழமையைப் போட்டேன். காலை ஒன்பது மணிக்குச் சென்றதாகவும், கரையிலிருந்து வந்த நண்டுகளை மாணவி எடைபோட்டுத் தரம்பிரித்துக்கொண்டிருந்ததாகவும், உற்சாகமாகக் காணப்பட்டதாகவும் எழுதினேன். ஒரு பிரதியைத் துறைத்தலைவருக்குக் கொடுத்தேன், மற்றதை மன்னாருக்கு அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் எங்கள் பீடத்துக்கே வந்துவிட்டார். அதற்குமுன் வந்ததில்லை. தோளில் பை, கையில் என் படிவம். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. அறைக்கதவைச் சாத்தினார்.

“சார், திங்கட்கிழமை நண்டு வராது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அந்த நிலையத்துக்கு நண்டு குடுக்கிற ஊரெல்லாம் வேதக்கார ஊர். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. வலை விரிச்சால்தானே விடிய நண்டு? திங்கட்கிழமை அங்க மேசை கழுவிறவை மட்டும்தான் நிப்பினம்.”

அவர் கையிலிருந்த படிவத்தின் திகதியைப் பார்த்தேன். 

“அது போகட்டும். நீங்கள் எழுதின அந்தத் திங்கட்கிழமை பிள்ளை ஆசுபத்திரியில கிடந்தது,” என்றார். “நான் கொண்டுபோய்ச் சேர்த்தனான்.”

பிறகு நடந்ததைச் சொன்னார். நண்டு அவிக்கும் இடத்து ஆவி அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக இருமியிருக்கிறாள். பிறகு மூச்சு முட்டி இழுத்திருக்கிறது. பயிற்சி நாட்கள் குறைந்துவிடும் என்று பயந்து ஒருவருக்கும் சொல்லாமல் தோட்டவெளி ஊரில் தங்கியிருந்த அறையில் கிடந்திருக்கிறாள். இவர் தன் வழமையான சுற்றில் நிலையத்துக்குப் போனபோது மேசையில் ஆளைக் காணாமல் தேடிப் போயிருக்கிறார். வைத்தியர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றிருக்கிறார். ஒரு கிழமை கழித்து அவளை ஐஸ் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டிருக்கிறார்.

சிக்கல் எங்கே என்றால், இடையில் இடத்தை மாற்றினால் மேற்பார்வை செய்த விரிவுரையாளர் நேரில் கண்டு காரணம் எழுதவேண்டும் என்பது விதி. நானோ பிள்ளை உற்சாகமாக நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். என் படிவம் சரியென்றால், அவள் காரணமில்லாமல் வராமல் விட்டவள், அனுமதியில்லாமல் இடம் மாறியவள். பயிற்சி முழுவதும் தள்ளுபடியாகும். அடுத்த அணியோடு திரும்ப ஆறு மாதம் நிற்கவேண்டும்.

“திருப்பி அனுப்பமாட்டினம் சேர். வீட்டில கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம். இது முடியட்டும் எண்டுதான் பொறுத்திருக்கினம்,” என்றார். இப்போது மறுபடியும் ‘சேர்’ ஆகியிருந்தது. “நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. செவ்வாய்க்கிழமை வாங்கோ. ஆசுபத்திரித் துண்டைப் பாருங்கோ, பிள்ளையோட கதையுங்கோ, கண்டதை எழுதுங்கோ. பழைய படிவம் பிழை எண்டு தலைவரிட்ட நீங்கள்தான் சொல்லவேணும். எனக்குச் சொல்லேலாது.”

“நேர்முகப்பரீட்சை ஒண்டு கிடக்கு மிஸ்.”

“தெரியும்.”

“பாப்பம்,” என்றேன்.

“செவ்வாய்க்கிழமை காலமை எட்டு மணிக்கு ஐஸ் தொழிற்சாலைக் கேற்றடியில நிப்பன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய நான் பஸ் நிலையத்துக்குப் போனது உண்மை. மன்னார் பஸ் நின்றது. யன்னல்கரை ஆசனம்கூட இருந்தது. போய், கண்டு, திரும்பி வந்து, துறைத்தலைவருக்கு முன்னால் நின்று, நான் போகாமல் எழுதினேன் என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதின்மூன்று வருடம் ஒருவிதமாகவும் பேர் கெடாமல் இருந்தவன். பஸ் புறப்பட்டது. நான் அடுத்ததில் போகலாம் என்று நினைத்தேன். அடுத்ததும் போனது. பசித்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. என் தொலைபேசியை நான் பலமுறை எடுத்துப் பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பரீட்சைச் சபை கூடியது. நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். அந்தப் பிள்ளையின் கோவை வந்தது. துறைத்தலைவர் கோவையைத் திறந்து முதலில் என் படிவத்தை எடுத்தார். அதன் அடியில் இணைப்பாளரின் கையெழுத்து இருந்தது. நான் திரும்பவும் பார்த்தேன். அவருடைய கையெழுத்துத்தான். படிவத்தோடு ஒரு கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. தலைவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

மாணவி சுகவீனமுற்றபோது அவரை ஐஸ் தொழிற்சாலைக்கு மாற்றியது நானே. விரிவுரையாளர் அதற்கு முன்னரே வந்து பார்வையிட்டுச் சென்றுவிட்டார். அவர் வந்த திகதியைப் படிவத்துக்குப் பிழையாகக் குறித்துக் கொடுத்ததும், இடமாற்றத்தை அவருக்கு அறிவிக்கத் தவறியதும் என்னுடைய கவனயீனம். மாணவியில் எவ்விதத் தவறும் இல்லை. ஆசுபத்திரித் துண்டு இத்துடன் உள்ளது.

இவ்வளவுதான் கடிதம். காணாத எதிலும் கையெழுத்து வைக்காத மனுசி, நான் ஒருநாளும் போகாத ஒரு பயணத்துக்குக் கையெழுத்து வைத்திருந்தார். அது எனக்காக அல்ல என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் வருவேன் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வராததால் எழுதியிருக்கிறார்.

தலைவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“இணைப்பாளர் உங்களுக்கு அறிவிக்கேல்லையோ?”

உண்மையைச் சொல்வதற்கு இடம் இருந்தது.  பக்கத்தில் முகாமைத்துவ நண்பர் இருந்தார். அவருக்கு இணைப்பாளரைத் தெரியும், கடிதத்தை நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை,” என்றேன்.

“இப்பிடியான ஆளை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது,” என்றார் தலைவர். பிள்ளையின் பயிற்சி ஏற்கப்பட்டது. இணைப்பாளருடைய ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது. அந்த முறை புதுப்பிப்பதில்லை என்று அடுத்த பத்து நிமிடத்தில் முடிவாகியது. விரிவுரையாளர்களே பயிற்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து கையை உயர்த்தினேன்.

வெளியே வந்து விறாந்தையில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது, தன் ஸ்கூட்டியை ஓரம் கட்டியிருக்கவேண்டும். நான் என் பேரைச் சொன்னேன்.

“பிள்ளைக்குச் சரிவந்திட்டுதோ சேர்?”

“ஓம் மிஸ். ஏற்றுக்கொண்டிட்டினம்.”

“அப்ப சரி.”

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருடைய வேலை போன செய்தியை நான்தான் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் சொல்லவேண்டிய வேறொன்றும் இருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். 

“பிறகு கதைக்கிறன் மிஸ்,” என்றேன்.

“ஓம் சேர்,” என்றார்.

அதற்குப் பிறகு நான் அவருக்கு எடுக்கவில்லை.